ஒரே ஒரு காலைக்குத் திரும்பிய அரங்கம்

மலாயாவின் விடுதலைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாளைக் கொண்டாட நாட்டுக்குச் சொந்தமாக ஓர் இடம் இல்லை. கோலாலம்பூரில் பெரிய வெளி என்று சொன்னால் சிலாங்கூர் கிளப்புக்கு முன்னால் இருந்த திடல்தான். வெள்ளைக்காரத் துரைமார்கள் கிரிக்கெட் ஆடிய புல்வெளி அது. அவர்களுடைய கொடி 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் அங்கேதான் இறங்கியது. ஆனால் விடிந்ததும் விடுதலைப் பிரகடனத்தைப் படிப்பதற்குப் புதிதாக ஓர் அரங்கம் எழ வேண்டும் என்பதில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் உறுதியாக நின்றார். அப்படி எழுந்த மெர்டேக்கா அரங்கத்தின் கதை இது. பிறந்து, பெருத்து, கைமாறி, இடிபடும் விளிம்புவரை போய், மீண்டு, கடைசியில் தன் முதல் நாள் உருவத்துக்கே திருப்பப்பட்ட ஒரு கான்கிரீட் கட்டடத்தின் கதை.

பெட்டாலிங் குன்றின் சரிவில், ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், இடம் பார்த்தார்கள். வடிவமைப்புப் பொறுப்பு பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்த ஸ்டான்லி ஜூக்ஸிடம் வந்தது. அவருக்குக் கிடைத்த காலம் ஓராண்டுக்கும் குறைவு. 1956 செப்டம்பரில் தொடங்கிய வேலை 1957 ஆகஸ்டில், விழாவுக்குச் சில நாள்களே மிச்சமிருக்கையில், முடிந்தது. செலவு ஏறத்தாழ 23 லட்சம் வெள்ளி. சுமார் 20,000 பேர் உட்காரலாம்.

காலம் இல்லை, பணமும் அதிகம் இல்லை. இந்த இரண்டு இல்லாமைகளும்தான் அந்தக் கட்டடத்தின் அழகைத் தீர்மானித்தன என்பது என் கருத்து. கல் செதுக்கவோ தூணுக்குப் பூ வைக்கவோ நேரம் கிடையாது. மண்ணின் சரிவையே இருக்கைப் படிகளுக்குத் துணையாக்கிக்கொண்டார்கள். பல பகுதிகளைத் தரையிலேயே அச்சில் வார்த்து, இறுகியபின் தூக்கிப் பொருத்தினார்கள். ஒரு பக்கம் மண் வேலை நடக்கும்போதே மறுபக்கம் துண்டுகள் தயாராகிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி அன்றைக்கு இல்லை.

நுழைவாயில் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால் இது புரியும். தலைக்கு மேலே வளைந்து நிற்கும் கான்கிரீட் கூரைகளின் விளிம்பு வியப்பூட்டும் அளவுக்கு மெல்லியது. ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் துவளும், வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். கூரை தன் வளைவினாலேயே நிற்கிறது, கனத்தினால் அல்ல. சிமெண்டும் கம்பியும் மிச்சம், உத்தரமும் தேவையில்லை. உலகப்போருக்குப் பிறகு, இரும்பு அருமையாக இருந்த நாடுகளில் எல்லாம் பொறியாளர்கள் இந்த உத்தியை விரும்பிக் கையாண்டார்கள். மெக்சிகோவில் பெலிக்ஸ் கண்டேலா இதை ஒரு கலையாகவே வளர்த்தார். அதே ஆண்டுகளில் அதே சிந்தனை கோலாலம்பூரிலும் வேலை செய்தது என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

விளக்குக் கோபுரங்கள் இன்னும் ஒரு படி மேல். சிறு சிறு கான்கிரீட் துண்டுகளை வார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே எஃகுக் கம்பிகளைச் செலுத்தி, அவற்றை இழுத்து இறுக்கி நிறுத்தினார்கள். இழுபட்ட கம்பி சுருங்கப் பார்க்கும். சுருங்க விடாமல் கான்கிரீட் தடுக்கும். அந்த அழுத்தத்தில் துண்டுகள் எல்லாம் ஒரே உடம்பாகிவிடும். முன்னழுத்தக் கான்கிரீட் என்று பொறியியலில் சொல்வது இதைத்தான். அந்த வகைக் கோபுரங்களில் உலகத்திலேயே உயரமானவை என்று இவை அன்று பேசப்பட்டன. விடுதலை பெறும் ஒரு சிறிய நாடு தன் முதல் பொதுக்கட்டடத்தில் அப்போதைக்கு உலகில் இருந்த ஆகப் புதிய தொழில்நுட்பத்தைக் கையிலெடுத்தது. அரண்மனை வளைவுகளை ஒட்டவைத்து “எங்கள் பழம்பெருமை” என்று சொல்ல அது முயலவில்லை. எனக்கு இந்தக் கட்டடத்தின் மேல் இருக்கும் மரியாதைக்கு முதல் காரணம் இது.

இதைக் கட்டிய கைகளையும் நினைக்க வேண்டும். அன்றைய பொதுப்பணி இலாகா, ரயில்வே, நகராட்சி மூன்றிலும் கூலித் தொழிலாளர்களில் தமிழர்கள் நிறையப் பேர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் வளர்ந்ததே ரயில்வேக் குடியிருப்புகளை ஒட்டித்தான். கட்டடத் தொழிலில் சீனர்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள். கலவை சுமந்தவர்கள் யார், மண் வெட்டியவர்கள் யார் என்று அவர்கள் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எதையும் நான் பார்த்ததில்லை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கக் கொண்டுவந்த அவசரகாலம் முடியாத காலம் வேறு. தோட்டப்புறங்களில் கம்பிவேலிக்குள் வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்களும் அந்த ஆகஸ்ட் மாதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தன.

ஆகஸ்ட் 31 காலையில் மழை கொட்டியது. எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய விழா ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. பிரிட்டிஷ் அரசியின் சார்பில் குளொஸ்டர் கோமகன் ஆவணத்தை ஒப்படைத்தார். துங்கு பிரகடனத்தைப் படித்தார். பிறகு கையை உயர்த்தி ஏழு முறை “மெர்டேக்கா” என்று முழங்கினார். கூட்டம் ஏழு முறையும் திருப்பி முழங்கியது. அன்று அமைச்சரவையில் இருந்த மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் வீ. தி. சம்பந்தனின் பெயர் இன்று பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்கு இருக்கிறது. அரங்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தக் காலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு காலைப்பொழுதுக்குப் பிறகும் இந்த அரங்கம் நாற்பது வருடம் வாழ்ந்தது.

அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1957லேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. ஆசிய நாடுகளின் அணிகள் ஆண்டுதோறும் இங்கே வந்து ஆடின. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவான பிரகடனமும் இதே இடத்தில்தான் வாசிக்கப்பட்டது. 1965இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியைக் கோலாலம்பூர் நடத்தியபோது எம். ஜெகதீசனும் எம். ராஜமணியும் இந்தத் தடத்தில் ஓடித் தங்கம் வென்றார்கள். அடுத்த ஆண்டு பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் ஜெகதீசன் மூன்று தங்கம், ராஜமணி 400 மீட்டரில் தங்கம். நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை என்ற விருதுகளை முதன்முதலில் பெற்றவர்கள் இந்த இருவர்தாம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி வைத்த தேசியச் சாதனையை 2017வரை யாராலும் அசைக்க முடியவில்லை.

கூட்டம் பெருகப் பெருக அரங்கமும் பெருத்தது. 1974இல் மேல் அடுக்குகள் எழுந்தன. பின்னாளில் 45,000 பேர்வரை கொள்ளும் அளவுக்கு விரிந்தது. மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம் என்றால் கிள்ளானிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பேருந்திலும் லோரியிலும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். 1975 ஜூலை 1 அன்று முகம்மது அலி இங்கே ஜோ பக்னரோடு பதினைந்து சுற்று மோதி வென்றார். 1996இல் மைக்கேல் ஜாக்சன் பாடினார். ஆனால் மலேசியாவின் பழைய தலைமுறையைக் கேட்டால் அலியையும் ஜாக்சனையும் தாண்டி வேறொரு நாளைச் சொல்வார்கள்.

1980 ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதி ஆட்டம், எதிரே தென்கொரியா. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் தள்ள, மலேசியா 2-1 என்று வென்றது. கோல் கம்பத்தின் முன்னால் நின்றவர் சிலாங்கூரின் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எங்கிருந்து வரும் பந்தையும் பிடித்துவிடுவார் என்பதால் அவருக்கு ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர். சபாவிலிருந்து வந்த இருவர், ஒரு சீக்கியத் தடுப்பாளர் சந்தோக் சிங், ஒரு தமிழர், மலாய், சீன ஆட்டக்காரர்கள் என்று அந்த அணியே ஒரு நாட்டின் படம். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் அவர்கள் ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்துபோனார், வயது 35. அந்த அணியின் கதையைத் தழுவி 2016இல் ‘ஓலா போலா’ என்ற படம் வந்தது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைத் திரையில் பார்த்து எத்தனையோ தமிழ்ப் பெரியவர்கள் கண்கலங்கியிருப்பார்கள்.

இதற்குப் பிறகு வருவது நிலத்தின் கதை.

1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்தும் வாய்ப்பு கோலாலம்பூருக்குக் கிடைத்தது. அதற்காகப் புக்கிட் ஜாலிலில் ஒரு பெரிய விளையாட்டு வளாகம் திட்டமிடப்பட்டது. கட்டித் தரும் பொறுப்பை ஏற்ற யுனைடெட் எஞ்சினியர்ஸ் நிறுவனத்துக்கு ஈடாக நிலங்கள் கைமாறின. நகரின் நடுமையத்தில் இருந்த மெர்டேக்கா அரங்கத்தின் நிலமும் அதில் சேர்ந்தது. அங்கே வணிக வளாகமும் உயர்ந்த கட்டடங்களும் எழுப்பும் திட்டம் பேசப்பட்டது. ஒரு நாடு பிறந்த இடம் விற்பனைச் சரக்காகிப்போனது. அந்தத் திட்டத்தைத் தடுத்தது சட்டமும் இல்லை, மக்கள் போராட்டமும் இல்லை. 1997இல் ஆசியாவையே புரட்டிப்போட்ட பொருளாதார நெருக்கடிதான். பணம் வற்றியது, திட்டம் கிடப்பில் விழுந்தது, அரங்கம் பிழைத்தது.

புக்கிட் ஜாலில் என்ற பெயரை அடுத்த வரிக்குப் போகும் அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது. அது ரப்பர் தோட்டம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பால் வெட்டிய மண். அரசு அந்தத் தோட்டத்தை 1980இல் கையகப்படுத்தியது. புதிய அரங்கம் எழுந்து, காமன்வெல்த் போட்டி முடிந்து, ஆண்டுகள் பல உருண்ட பிறகும் எஞ்சியிருந்த சில தமிழ்க் குடும்பங்கள் 2010களின் தொடக்கத்தில் தங்கள் லயங்களை விட்டுப் போக மறுத்து, குடியிருக்க நிலம் கேட்டுப் போராடின. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. ஆக மெர்டேக்கா அரங்கத்தின் இடத்தைப் பிடிக்க வந்த அரங்கத்துக்கு அடியிலும் நம்முடைய ஒரு வரலாறு புதைந்திருக்கிறது. அதைப் பாரம்பரியம் என்று யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

பாரம்பரியம் என்றால் எது என்ற கேள்வி இங்கே வந்தே தீரும். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயதை அளவுகோலாக வைத்திருந்தது; அதைவிட இளையதைக் காக்க வேண்டுமென்றால் தனியாக அறிவிக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகு எழுந்த எந்தக் கட்டடமும் இந்தக் கணக்கில் குழந்தைதான். அதனால்தான் 2003 பிப்ரவரியில் மெர்டேக்கா அரங்கம் தேசியப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது பெரிய செய்தி. அப்போது அதற்கு வயது 46கூட நிறையவில்லை. இரண்டாண்டு கழித்து வந்த 2005ஆம் ஆண்டுத் தேசிய பாரம்பரியச் சட்டம் வயதை விட்டுவிட்டு, வரலாறு, அழகு, தொழில்நுட்பம், சமூகத் தொடர்பு என்ற அடிப்படைகளில் மதிப்பிடச் சொல்கிறது. நாடாளுமன்றக் கட்டடமும் தேசிய பள்ளிவாசலும் இன்று பட்டியலில் இருக்கின்றன. இரண்டுமே 1960களின் பிள்ளைகள்.

இந்தியாவில் நிலைமை இன்னும் மோசம். டில்லி பிரகதி மைதானத்தில் 1972இல் எழுந்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ உலகப் புகழ்பெற்ற கட்டடம். ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் எஃகு கிடைக்காத நாட்டில் கைவேலையாலேயே கான்கிரீட்டில் முப்பரிமாணச் சட்டகம் பின்னிக் காட்டிய அற்புதம். அறுபது வயது ஆகவில்லை, ஆகவே பாரம்பரியம் என்று கருத முடியாது என்று சொல்லி 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்துத் தள்ளினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சண்டிகரின் கேப்பிட்டல் வளாகத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருந்தது. வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டியது காப்பாற்றப்படும், நம்மவர் கட்டியது இடிக்கப்படும் என்பது எந்த நியாயம்?

கோலாலம்பூருக்கு வருவோம். விடுதலையின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி மெர்டேக்கா அரங்கம் சீரமைக்கப்பட்டது. நிலம் அப்போது பி.என்.பி. என்ற தேசிய முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. 1957இல் எப்படி இருந்ததோ அப்படியே திருப்புவது என்று முடிவானது. பின்னாளில் சேர்த்த மேல் அடுக்குகள் அகற்றப்பட்டன. பெருத்த உடம்பு இளைத்து, இருக்கைகள் குறைந்து, பழைய புகைப்படங்களில் கண்ட அந்த மெலிந்த அரங்கம் வெளியே வந்தது. 2007 ஆகஸ்ட் 31 அன்று அங்கே பிரகடன நிகழ்ச்சியை மீண்டும் நடத்திக்காட்டினார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

விருதுக்குத் தகுதியான வேலைதான். கான்கிரீட்டைக் காப்பது கருங்கல்லைக் காப்பதைவிடக் கடினம். வெளியே பார்த்தால் உறுதியாகத் தெரியும். உள்ளே கம்பி மெல்ல மெல்லத் துருவேறிக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே புகுந்து, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். பிறகு ஈரம் போதும். துருவேறிய கம்பி பருக்கும். பருத்தால் சிமெண்டு வெடித்துப் பெயரும். அடிக்கடி மழை பெய்யும் ஊரில் இது வேகமாக நடக்கும். பெயர்ந்த இடத்தில் புதுக் கலவை பூசினால் நிறம் ஒட்டாது, பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டுப்போட்டதுபோல் தெரியும். கோயில் திருப்பணிக்கு ஸ்தபதி இருக்கிறார், ஆகமம் இருக்கிறது. எழுபது வயதுக் கான்கிரீட்டுக்குத் திருப்பணி செய்யும் கைகளை இந்த நாடு இப்போதுதான் வளர்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1957க்குத் திருப்பியபோது 1974 போய்விட்டது. அலியைப் பார்த்தவர்கள் உட்கார்ந்த மேல் அடுக்குகள் போய்விட்டன. கொரியாவை வென்ற அன்று ஆறுமுகத்தின் பெயரைக் கத்தி அழைத்த படிகள் போய்விட்டன. ஒரு கட்டடத்தின் எல்லாக் காலத்துச் சேர்க்கைகளையும் மதிக்க வேண்டும், ஒரே பாணியாக ஆக்குவது சீரமைப்பின் நோக்கமாகக் கூடாது என்று 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் சொல்கிறது. பாரம்பரியத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் படித்த சாசனம்தான்.

மறுபக்க நியாயமும் எனக்குத் தெரியும். மேல் அடுக்குகள் அழகானவை அல்ல. ஜூக்ஸின் மெல்லிய கூரைகளை அமுக்கிக்கொண்டு நின்றன. எதையும் தொடாமல் விட்டிருந்தால் பராமரிப்புச் செலவு தாங்காது என்று ஒருநாள் மொத்தமாகவே இடித்திருக்கலாம். ஒரு நாட்டின் பிறந்தநாளைக் காட்டும் இடமாக்கினால்தான் பணமும் பாதுகாப்பும் வரும் என்று முடிவெடுத்தவர்கள் நினைத்திருந்தால் அதில் தவறு காண முடியாது. அப்படியிருந்தும், ஒரு மூலையிலாவது மேலடுக்கின் ஒரு துண்டை விட்டிருக்கலாம். தலைவர் ஒருவர் நின்ற ஒரு காலைப்பொழுதுக்குக் கிடைத்த மரியாதையில் பத்தில் ஒரு பங்காவது, சாதாரண மக்கள் சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்த நாற்பது வருடத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இப்போது அரங்கத்தின் பக்கத்தில் 118 மாடிக் கோபுரம் நிற்கிறது. 678.9 மீட்டர் உயரம். உலகத்தில் இரண்டாவது உயரமான கட்டடம். 2024 ஜனவரியில் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். அதன் வடிவம் துங்கு கையை உயர்த்தி முழங்கிய தோற்றத்தை நினைவுபடுத்துவதாகச் சொல்கிறார்கள். அரங்கத்தை ஒட்டி ஒரு காலத்தில் மெர்டேக்கா பூங்கா இருந்தது. காளான் வடிவக் கான்கிரீட் நிழற்குடைகள் நிற்கும் அந்தப் பூங்காவைப் பழைய அஞ்சலட்டைகளில் பார்க்கலாம். அது வாகன நிறுத்துமிடமாகி, கடைசியில் இந்தக் கோபுரத் திட்டத்துக்குள் போய்விட்டது. கோபுரம் எழுந்ததை நான் குறை சொல்லவில்லை. அரங்கத்தைக் காக்கும் செலவுக்கு அதன் பக்கத்து வளமை உதவுமென்றால் நல்லதுதான். ஆனால் நிழற்குடைகளில் ஒன்றையாவது வைத்திருந்தால் அந்த இடத்துக்கு வரும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

மெர்டேக்கா அரங்கத்துக்கு ஒரு பிரகடனம் இருந்தது, பிழைத்துக்கொண்டது. பிரகடனம் எதுவும் நடக்காத கட்டடங்கள் என்ன ஆயின? கோலாலம்பூரின் பெக்கெலிலிங் அடுக்குமாடிகள் 1960களில் எழுந்தவை. பதினேழு மாடி உயரத்தில் ஏழு தொகுதிகள். தொழிற்சாலையில் வார்த்த பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டிய, நாட்டின் முதல் பெரிய மலிவுவிலை வீட்டுத் திட்டங்களில் ஒன்று. புறம்போக்கில் இருந்த மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கிய இடம். 2010களில் இடித்துவிட்டார்கள். 1965இல் திறந்த சுபாங் விமான நிலையத்தின் காளான் தூண் முனையமும் இல்லை. சொல்லப்போனால் 1994இல் திறந்த ஷா ஆலாம் அரங்கம்கூட 2024இல் இடிபடத் தொடங்கியது. மெர்டேக்கா அரங்கத்தின் பாதி வயதை அது எட்டவில்லை.

நம்மவர்கள் பாரம்பரியத்துக்காகக் குரல் கொடுக்காதவர்கள் அல்லர். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1904இல் எழுந்த கட்டடம், வாசலில் விவேகானந்தர் சிலை. அந்த நிலத்தில் உயர்மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று 2014இல் தெரியவந்ததும் மக்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், பேசினார்கள், எழுதினார்கள். பாரம்பரியப் பாதுகாப்பும் கிடைத்தது. பழைய கட்டடம், வளைவான முகப்பு, மகான் பெயர் என்றால் நமக்குச் சட்டென்று புரிகிறது. 1962இல் எழுந்த நேர்கோட்டுக் கட்டடம் என்றால் “இதில் என்ன இருக்கிறது, சிமெண்டுப் பெட்டிதானே” என்று கடந்துவிடுகிறோம். அந்தச் சிமெண்டுப் பெட்டிகளுக்குள்தான் நம் தாத்தா பாட்டிகள் குடியுரிமைப் பாரம் நிரப்பினார்கள், கூட்டுறவுச் சங்கத்தில் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டினார்கள், முதல் அடுக்குமாடி வீட்டின் சாவியை வாங்கினார்கள். 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளின் முயற்சியில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அந்தக் காலத்துப் புதிய கட்டடங்களுக்கு நடுவில்தான். அந்த வளாகத்தின் துங்கு வேந்தர் மண்டபம், கிங்டன் லூ வடிவமைத்தது, 2001இல் தீப்பிடித்து எரிந்தபின் மீட்டுக் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. வெயிலைத் தடுக்கும் அதன் கான்கிரீட் சட்டங்களைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

ஆண்டுகளின் கணக்கும் நமக்கு எதிராக ஓடுகிறது. விடுதலைக் காலக் கட்டடங்களைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். அவற்றில் வேலை பார்த்தவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். வரைபடம் எங்காவது ஆவணக் காப்பகத்தில் இருக்கும். எந்தத் தளத்தில் தண்ணீர் ஒழுகும், எந்தப் படியில் பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் படித்தார்கள் என்பது அந்தப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் ஒரு சிமெண்டுக் கட்டடம் ஏன் முக்கியம் என்று நாளைய அதிகாரிக்கு விளங்கவைக்க முடியும்.

வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். கட்டடக் கலைஞராக இருக்க வேண்டியதில்லை, சங்கத் தலைவராக இருக்க வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ செந்தூலிலோ, 1950 முதல் 1970வரை எழுந்த ஒரு பள்ளி மண்டபம், அடுக்குமாடி, படக்கொட்டகை, தொழிற்சங்க அலுவலகம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். இந்த வாரமே போய் நாலா பக்கமும் படம் எடுங்கள். எந்த ஆண்டு கட்டியது, யார் கட்டியது, அங்கே என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதைத் தேசிய பாரம்பரிய இலாகாவுக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியைத் தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுங்கள். இடிக்கும் அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது.